முதல் மணிக்கு வராதவள்

பேனாவை மாற்றி மாற்றி எழுதுங்கள் மேடம், மூன்று செமஸ்டரும் ஒரே மையில் இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று குணசீலன் சார் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, மேஜையில் நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று, மை தீரப்போகிற ஒரு ஜெல் பேனா, அந்தத் தீரப்போகிற பேனாதான் இதற்கு நல்லது, போன வருஷம் எழுதியதைப் போலவே வெளிறி வருகிறது, ஜூலை முழுவதையும் நான் அதில்தான் எழுதினேன். இன்று சனிக்கிழமை, வகுப்பு இல்லை, ஆனாலும் துறைத்தலைவர் குணசீலன் சாரிலிருந்து லேப் உதவியாளர் வரைக்கும் எல்லோரும் வந்திருக்கிறோம், திங்களும் செவ்வாயும் கல்லூரிக்கு கிரேடு போடுகிற ஆய்வுக் குழு வருகிறது. பெயின்ட் வாசனை வராந்தாவிலிருந்து உள்ளே வந்து மின்விசிறிக் காற்றோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது, நெற்றிப்பொட்டில் வலிக்கிறது. என் முன்னால் இருப்பது மென்டர் புக். முப்பது மாணவர்கள் என் பொறுப்பு, வேதியியல் இரண்டாம் ஆண்டு, ஆளுக்கு இரண்டு பக்கம். ஒரு செமஸ்டருக்கு ஐந்து முறை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு நான் பேசியிருக்க வேண்டும். தேதி, பேசிய பொருள், கூறிய ஆலோசனை, மாணவர் கையெழுத்து. காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வராமல், தீபாவளி வராமல், நான் தங்கை பிரசவத்துக்கு லீவு போட்ட வாரம் வராமல் தேதி போடுகிறேன். முதலில் கை கூசியது. ஐந்தாறு பக்கம் போனதும் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்கே நன்றாக வர ஆரம்பித்தது, ஒரு பையனுக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதி அடுத்த மாதம் குணமாகிவிட்டதாகவும் எழுதினேன், ஒரு பெண்ணுக்கு மேடையில் பேசப் பயம், தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கும்படி ஆலோசனை. அப்படியெல்லாம் யாரிடமும் நான் பேசியதில்லை. இவர்களில் யாருக்கு அம்மா இருக்கிறாள், யாருக்கு இல்லை என்பதே எனக்குத் தெரியாது.

மூன்றாவது பெயரைத் தாண்டி வந்துவிட்டேன். முதலில் தெரியாமல் தாண்டியதாகத்தான் நினைத்தேன், இரண்டு தாள் சேர்ந்து ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டது என்று. பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒட்டவெல்லாம் இல்லை. தீ. அஞ்சலை. பெயருக்குக் கீழே இரண்டு பக்கமும் காலி. போன நவம்பரோடு நின்றுவிட்டவள், அவளுக்கு எதற்குப் பக்கம் என்று காலையிலேயே சாரிடம் கேட்டேன். "நவம்பர் வரைக்கும் இருந்தாள்ல மேடம், அதுவரைக்கும் எழுதுங்க. கையெழுத்துதானே, பக்கத்துப் பொண்ணு யாராவது போடட்டும்" என்றார். அவர் மோசமானவர் இல்லை. வகுப்பில் பையன்களை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். காலையிலிருந்து சாப்பிடாமல் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார், எங்கள் துறைக்கு எதிரில் பழைய ரசாயன ஸ்டோர் ரூமைக் காலி செய்து 'மாணவர் ஆலோசனை மையம்' என்று போர்டு எழுத வைத்ததும் அவர்தான், இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பூச்சாடி. அமில வாசனை இன்னும் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் சுவரில் குறை கூறும் பெட்டி, அதன் சாவி எங்கே என்று நேற்று தேடினார்கள், கிடைக்கவில்லை, பூட்டை உடைத்தார்கள், உள்ளே ஒரு குளவிக்கூடும் மிட்டாய்க் காகிதமும் இருந்தன. ஒரு சீட்டுகூட இல்லை. ஆறு வருஷத்தில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அந்த மூன்றாவது பெயர். நான்கை எழுதினேன், ஐந்தை எழுதினேன், பதினேழு வரை வந்தாகிவிட்டது, ஆனால் மனசு மூன்றிலேயே நிற்கிறது, துணி முள்ளில் மாட்டிக்கொண்டதுபோல, இழுத்தால் கிழியும், நின்றால் போக முடியாது.

அவள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறதா. சுவர் ஞாபகம் இருக்கிறது. முதல் மணிக்கு, ஒன்பதரை மணிக்கு, திங்கள் புதன் வெள்ளி என் வகுப்பு. பத்து நிமிஷம் பார்ப்பேன், பிறகு கதவைச் சாத்திவிடுவேன், சாத்தினால் திறக்க மாட்டேன், இது என் ஒழுங்கு, இதை நான் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வருவாள். கதவைத் தட்ட மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே வராந்தாச் சுவரில் சாய்ந்து நிற்பாள், தலையின் மேல்பகுதி மட்டும் தெரியும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, அது குனிந்தும் நிமிர்ந்தும் போகும். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் கரும்பலகையில் எழுதுவது அவளுக்குத் தெரியாது, சொல்வது மட்டும்தான் கேட்கும், அதனால் சமன்பாட்டை எழுதும்போது நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அவளுக்காகவா சொன்னேன். அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இல்லை, எனக்கு எப்போதும் அதுதான் வழக்கம். அடுத்த மணி அடித்ததும் எல்லோரோடும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள், நான் வெளியே வரும்போது சுவரை ஒட்டி ஒதுங்கி "வணக்கம் மேடம்" என்பாள், நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன், கையில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் என்று நான் போட்டிருப்பேன். கல்வராயன் மலையிலிருந்து வருகிறவள். அந்தப் பக்கத்துக்குக் காலையில் ஒரே ஒரு பஸ்தான், ஆறு மணிக்கு எடுத்தால் வளைந்து வளைந்து இறங்கி ஊருக்கு வர ஒன்பது நாற்பது. பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஓடி வந்தால் பதினைந்து நிமிஷம். பெண்கள் விடுதியில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாளாம், இடம் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும். அவள் போன பிறகு. அவளுடைய சேர்க்கை விண்ணப்பத்தைத் தேடி எடுத்தபோது, பஸ் நேரமெல்லாம் எழுதிய விடுதி மனு அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது, அதுவும் இந்தப் புத்தகத்துக்காகத்தான் எடுத்தேன், நேற்று.

ஒரே ஒருமுறை வந்தாள். செப்டம்பரில், தேதி தெரியாது. ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், யாரும் கழற்றச் சொன்னதில்லை. நான் உள்மதிப்பீட்டு மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன், நெட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, ஏற்றியது இரண்டு தடவை அழிந்துவிட்டது. "என்னம்மா" என்றேன். "மேடம், பஸ்ஸு" என்றாள். "பஸ்ஸுக்கு என்ன? எல்லாரும் பஸ்லதான் வர்றாங்க." "சரிங்க மேடம்." போகவில்லை, நின்றாள். "இன்னும் என்ன?" "ஒண்ணுமில்லைங்க மேடம்." அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேனா என்று யோசிக்கிறேன், எடுத்திருந்தால் முகம் ஞாபகம் இருக்கும், செருப்புத்தான் ஞாபகம் இருக்கிறது, நீல ரப்பர் செருப்பு, ஒரு வாரில் ஊக்குக் குத்தியிருந்தது. முப்பது பேரில், மூன்று செமஸ்டரில், என்னைத் தேடி ஒருத்தி பேச வந்தது அது ஒன்றுதான். இந்தப் புத்தகத்தில் நிஜமாக எழுதக்கூடியது அது ஒன்றுதான், அந்தப் பக்கம்தான் காலியாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி வகுப்பு. முதல் மணி தினமும் போனால் நூறுக்கு எண்பதுதான் வரும், எழுபத்தைந்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ஆக ஒரு செமஸ்டர் முழுவதும் அவளுக்கு இருந்தது ஐந்தாறு நாள். ஐந்தாறு நாள் காய்ச்சல் வரலாம், இல்லை மழையில் மலைப்பாதை சரியலாம். அக்டோபரில் ஒரு வாரம் பாதை மூடிக் கிடந்தது, செய்தித்தாளில் படம் வந்திருந்தது, மண் சரிவுக்கு முன்னால் ஒரு பஸ் நின்ற படம், பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவளுக்கு எழுபத்திரண்டு. எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைந்தவர்கள் மனுக் கொடுத்தால், பொறுப்பாசிரியர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பரீட்சை எழுதலாம், விதியில் இருக்கிறது, எனக்குத் தெரியும், வேறு இரண்டு பேருக்கு நானே எழுதிக் கொடுத்தேன், அவர்கள் அப்பாக்கள் நேரில் வந்து கேட்டார்கள். வருகை குறைந்தவர்கள் பட்டியல் பதினான்கு பெயரோடு என்னிடம் வந்தபோது கடைசித் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும். நான்.

நானும் ஒன்றும் பெரிய வீட்டில் பிறந்தவள் இல்லை. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், எங்கள் தெருவில் முதலில் காலேஜ் போனது நான்தான், வெள்ளைச் சுடிதார் இரண்டு, ஒன்றைத் துவைத்து ஒன்றை உடுத்திக்கொண்டு படித்தேன், இதை ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்புக் கூட்டத்தில் சொல்லுவேன், சொல்லும்போது கைதட்டுவார்கள், மனசு வைத்தால் யாரும் வரலாம் என்று முடிப்பேன். இருபது வருஷமாகச் சொல்கிறேன். அஞ்சலையும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்திருப்பாள், கைதட்டியிருப்பாள். எங்கள் வீட்டு முனையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ் வரும். ஒன்றை விட்டால் இன்னொன்று. நான் படித்த மூன்று வருஷத்தில் எந்த வகுப்பின் கதவும் எனக்குச் சாத்தியிருந்ததில்லை, சாத்தியிருந்தால் தட்டியிருப்பேனா. மாட்டேன். எனக்கும் ஆசிரியர் அறை வாசல் என்றால் பயம், ஒருமுறை ஹால் டிக்கெட்டில் என் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது, அதைச் சொல்ல இரண்டு நாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன், மூன்றாம் நாள் சொல்லாமலேயே தப்பான பெயரோடு பரீட்சை எழுதினேன். அது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும், வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் மனசு வழுக்கி நெட் போய்ப் போய் வந்ததைப் பிடித்துக்கொள்கிறது, அன்றைக்கு நெட் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் என்று. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தேன். பத்துப் பத்துப் பேராக வந்து அவரவர் பக்கத்தில் பதினைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் எதையும் படித்துப் பார்க்கவில்லை, ஒரு பையன் மட்டும் தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கு எப்ப மேடம் உடம்பு சரியில்லாம போச்சு" என்று கேட்டுச் சிரித்தான், நான் அவன் முகத்தைப் பார்க்காமல், "போட்டுட்டுப் போப்பா" என்றேன். கடைசியாக நித்யகலா. அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், அதிகம் பேசாதவள். அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் மூன்றாவது பெயரை எடுத்து, "இதுலயும் போட்டுரும்மா" என்றேன், சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் பெயரைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். "அவ சைனை நான் போட மாட்டேன் மேடம்." "சும்மா ரெக்கார்டுக்குத்தான்." "அவ சைன்னு கிறுக்க மாட்டா மேடம். தமிழ்ல முழுப் பேரும் எழுதுவா. மெதுவா எழுதுவா." நான் புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவளுக்குத் தைரியம் வந்ததா, இல்லை அழுகை வந்ததா தெரியவில்லை, குரல் மாறியது. "அவ வெளியில நின்னு எழுதின நோட்டைத்தான் மேடம் நாங்க எல்லாரும் ஜெராக்ஸ் போட்டுப் படிச்சோம். நீங்க சொல்ற ஒரு வார்த்தை விடாம இருக்கும். அதைப் படிச்சுதான் நான் பாஸ் பண்ணினேன். அவளை எழுதவே விடலை." "இப்ப எங்க இருக்கா?" "தெரியாது மேடம். ரெண்டு மாசமா போன் போகலை." அவள் போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள், அந்த மரியாதை என்னை என்னவோ செய்தது, படாரென்று அடித்துச் சாத்திவிட்டுப் போயிருந்தால் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

தெரியாது என்றால். போன் போகவில்லை என்றால். சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பாவின் எண் இருந்தது, தீர்த்தன், விவசாயக் கூலி, பத்து இலக்கம், நேற்றே அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன், எதற்கென்று கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது தாள் கைக்கடியில் இருக்கிறது, வியர்வையில் ஓர் எட்டு கலங்கிப் போய்விட்டது. கூப்பிட்டால் யாராவது எடுத்து, அவள் இல்லை என்று சொன்னால். இல்லை என்பதற்கு எத்தனை அர்த்தம். வீட்டில் இல்லை, ஊரில் இல்லை. போன வருஷம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் ஒரு பெண், செய்தித்தாளில் அவளுடைய அடையாள அட்டைப் படம் போட்டிருந்தார்கள், எல்லா அடையாள அட்டைப் படமும் ஒரே மாதிரி இருக்கும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நான் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு வேலை இருந்தது என்று சொல்லலாம், மறந்துவிட்டது என்று சொல்லலாம், இரண்டும் நிஜம், ஆனால் அதற்கெல்லாம் அடியில் இந்தப் பயம்தான் இருந்தது, கூப்பிடாதவரை அவள் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துக்காகக் கூப்பிடுவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகுதான் விரல் எண்ணை அழுத்தியது. மணி போனது, நின்றது. மறுபடியும் போட்டேன். "ஆரு?" என்று ஓர் ஆண் குரல், காற்றின் இரைச்சலோடு. காலேஜிலிருந்து பேசுகிறேன், அஞ்சலையோட மேடம் வசுமதி என்றேன். "இருங்க மேடம், இருங்க, பாறை மேல ஏறிக்கறேன், இங்கதான் டவரு எடுக்கும்" என்றார். மூச்சு வாங்குவது கேட்டது. "சொல்லுங்க மேடம்." "அஞ்சலை எப்படி இருக்கா?" என்றேன். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நல்லா இருக்குதுங்க. குடகுக்கு மொளகு பறிக்கப் போயிருக்குது, அதோட அத்தை கூட. எஸ்டேட்ல டவரு இல்லீங்க, அதான் பேச முடியறதில்ல. பங்குனி கழிச்சு வந்துரும்." உயிரோடு இருக்கிறாள். மேஜைமேல் தலையை வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏணியில் ஏறி மிளகு பறித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள், இது எனக்கு நல்ல செய்தியாக இருந்தது, இதுவே நல்ல செய்தியாகிவிட்டது.

"திரும்பக் கூப்புடறீங்களா மேடம்?" என்று அவர் கேட்டார். நான் கையெழுத்து என்ற வார்த்தையை வாயில் வைத்திருந்தேன். "பேரை அடிச்சுட்டாங்கப்பா, இனிமே உள்ள விட மாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தாங்க போச்சு. ரெண்டு நாளு சாப்புடல. நான் வந்து கேக்கறேன்னேன், வேண்டாம்பா, மேடம் கோச்சுக்குவாங்கன்னுச்சு." "பேரை அடிக்கலைங்க. பேர் இருக்கு" என்றேன். "இருக்குதுங்களா?" "இருக்கு. ஒரு செமஸ்டர்தான் போச்சு. ஜூன்ல மனுக் கொடுத்துட்டு அதையே திரும்பப் படிக்கலாம். விதியில இருக்கு." காற்று மட்டும் கேட்டது. "இதை அப்பவே சொல்லியிருந்தா அதை அனுப்பியிருக்க மாட்டேனுங்களே" என்றார், குறையாகச் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொள்வதைப் போலச் சொன்னார். பிறகு கேட்டார், "ஆனா பஸ்ஸு அதே நேரந்தானுங்க மேடம் வருது. அதுக்கு எதாச்சும் வழி இருக்குதுங்களா?" வழி இருந்தது. பாடவேளையை மாற்றலாம், முதல் மணியை அவளுக்கு மட்டும் தளர்த்தலாம், விடுதிக்கு மறுபடி எழுதலாம், ஒரு கடிதம், நான் எழுத வேண்டிய ஒரு கடிதம், அதுவும் நடக்காவிட்டால் கதவைத் திறக்கலாம். "இருக்குங்க. நான் எழுதறேன்" என்றேன். "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றார். "நான் திங்கக்கிழமையே வந்துடறேங்க. மனு எப்படி எழுதணும்னு கேட்டுட்டுப் போறேன். அதுகிட்ட பேர் இருக்குன்னு எஸ்டேட்டுக்கு ஆள் போனாச் சொல்லி விடறேன்." திங்கட்கிழமை என்றதும் என்னவோ உறுத்தியது, ஆனால் என்னவென்று பிடிபடுவதற்குள் சரிங்க என்றுவிட்டேன், லைன் போய்விட்டது.

பிறகு நான் எழுதினேன். நீலப் பேனா, ஒரே பேனா. மூன்றாவது பெயருக்கு இன்றைய தேதி போட்டேன். செப்டம்பரில் மாணவி ஒருமுறை என்னைச் சந்திக்க வந்தார், பேருந்து நேரம் பற்றிச் சொல்ல முயன்றார், நான் கேட்கவில்லை. வருகை எழுபத்திரண்டு சதவீதம், பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. இன்று தந்தையுடன் பேசினேன், ஜூன் மாதம் மறுசேர்க்கை. முதல் மணி வருகைக்கு விலக்குக் கோரிக் கடிதம் எழுத வேண்டும். ஐந்து வரி. கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டேன். எழுதி முடித்ததும் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதுபோல நெஞ்சு லேசானது, இந்த லேசுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஐந்து வரியில் என்ன ஆகிவிட்டது, ஆனாலும் லேசாக இருந்தது. நாலரை மணிக்குக் குணசீலன் சார் புத்தகங்களை வாங்க வந்தார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார், நன்றாக இருக்கிறது மேடம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மூன்றாவது பெயரில் நின்றார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார், இரண்டு முறை படித்தார். உட்கார்ந்தார். "என்ன மேடம் இது." "நடந்தது சார்." "நடந்ததுதான். யாரு இல்லைன்னா." அவர் குரல் உயரவில்லை. "இடைநிற்றலே இல்லைன்னு ரிப்போர்ட் போன மாசமே மேல போயிடுச்சு மேடம். இந்தப் பொண்ணு டி.சி. வாங்கிட்டு வேற காலேஜ் போனதாத்தான் அதுல இருக்கு. இது அதோட இடிக்கும்." "அவ டி.சி. வாங்கலையே சார்." "ஆபீஸ்ல போட்டுக் கொடுத்துடுவாங்க. நவம்பர் தேதியில." "டி.சி. போட்டுட்டா ஜூன்ல சேர முடியாது சார். இப்பத்தான் அவங்கப்பாகிட்ட பேர் இருக்குன்னு சொன்னேன். திங்கக்கிழமை வர்றார்."

"திங்கக்கிழமையா" என்றார் அவர், அப்போதுதான் எனக்கும் உறுத்தியது என்னவென்று தெரிந்தது. அன்றைக்கு வாயிலில் வெளியாட்கள் யாரையும் விட மாட்டார்கள். புதன்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார், நியாயமாகத்தான் சொன்னார். அவர் முன்னாலேயே அஞ்சலையின் அப்பாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பெண் குரல் சொன்னது. பாறையிலிருந்து இறங்கிவிட்டிருப்பார். மறுபடி போட்டேன், அதே குரல். திங்கட்கிழமை முழுவதும் நான் அந்த ஆலோசனை மையத்தில் பூச்சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், மாணவர்களை நாங்கள் எப்படிக் கவனித்துக்கொள்கிறோம் என்று குழுவுக்கு விளக்க வேண்டும், பட்டியலில் என் பெயர் இருக்கிறது. "மேடம்" என்றார் சார், "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஒரு பொண்ணுக்காகப் பார்த்தா, நாளைக்கு கிரேடு குறைஞ்சு சீட்டைக் குறைச்சாங்கன்னா அதே மலைப் புள்ளைங்க பத்துப் பேருக்குத்தான் இடம் போகும். நாம கெட்டது ஒண்ணும் பண்ணலை." அதில் நிஜம் இருந்தது, அதுதான் கஷ்டம், பாதி நிஜத்துக்கு எப்படிப் பதில் சொல்வதென்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "அந்தத் தாளை எடுத்துட்டு இருபத்தொன்பது பேருக்கு வரிசை எண்ணை மாத்திக்கலாம். நீங்க எதுவும் எழுத வேணாம், கையெழுத்துப் போட வேணாம். நீங்க கிளம்புங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார். புத்தகம் எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்தபடி இருந்தது, அதன்மேல் என் கை இருந்தது. அவர் இழுக்கவில்லை. என்னை விரட்டவில்லை, அதட்டவில்லை, என் கை இருக்கும்வரை அந்தத் தாளை யாரும் எடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நான் முடியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் யோசித்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். அவர் வெறுமனே காத்திருந்தார். வீட்டில் மாவு அரைக்க வேண்டும் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் ஏன் அதை நினைத்தேன் என்று தெரியவில்லை. கையை எடுத்தேன்.